மதுரைவீரனுக்கு எதற்கு அரச பிறப்பு?

வேடசந்தூர், ஒட்டன்சத்திரம், நிலக்கோட்டை, ஆத்தூர் என்று திண்டுக்கல் சமவெளியில் வேலை நிமித்தமாகச் சுற்றும் எங்களுக்கு மதுரைவீரன் பழகிய முகம். முறுக்கிய மீசை, ஓங்கிய அரிவாள், இரண்டு பக்கமும் பொம்மியும் வெள்ளையம்மாளும். சில தெருக்களில் சிலை கிடையாது. வேப்ப மரத்தடியில் ஒரு கல், அதில் சந்தனம், குங்குமம், அவ்வளவுதான். ஆனாலும் கதை அங்கேயும் இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லச் சொன்னால் எங்கள் மாலைப் படிப்பகத்துப் பிள்ளைகளில் பலர் ஒரே மாதிரித்தான் தொடங்குகிறார்கள்: “அவரு ராசா மகன். காட்டுல போட்டுட்டாங்க. நம்ம ஆளுக எடுத்து வளத்தாங்க.”

இந்த ‘ராசா மகன்’ என்ற சொல்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

எங்களோடு வேலை செய்யும் கல்லூரித் தோழர்கள் கேம், வெப் சீரிஸ், சினிமா பற்றி ஓயாமல் விவாதிப்பார்கள். விட்சர் ஏன் பிடிக்கிறது? பொன்னியின் செல்வன் நாவலில் நின்ற சிலர் படத்தில் ஏன் நிற்கவில்லை? மாமன்னன் வில்லனை ஏன் அப்படிக் கொண்டாடினார்கள்? எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான். மாயமும் வீரமும் கலந்த ஒரு கதையில், அது கேமோ படமோ, ஒரு பாத்திரம் எதனால் நம் மனதில் நிற்கிறது? நடிகர், உடை, கிராபிக்ஸ், சண்டை என்று பதில்கள் வரும். எங்கள் பதில் மதுரைவீரனிடமிருந்து வருகிறது. பிறப்பு என்பது ஒரு பாத்திரத்தின்மேல் உலகம் ஏற்றிவைக்கும் சுமையாகக் கதைக்குள் வரலாம். அந்தப் பாத்திரத்தின் திறமைக்கும் துணிச்சலுக்கும் காரணமாக அதே பிறப்பு வந்து நின்றால் பாத்திரம் படுத்துவிடும். இதை நியாயத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கதை கட்டும் தொழிலாகப் பார்த்தாலும் இதுதான் உண்மை என்கிறோம்.

காவலுக்குப் போனவன்

கதைப்பாடலில் வருவதை முதலில் பார்ப்போம். பொம்மண நாயக்கரின் மகள் பொம்மி பருவமடைந்து ஊருக்கு வெளியே குடிசையில் தனித்திருக்கிறாள். அங்கே இரவுக் காவல் இருக்க வேண்டியவர் செருப்புத் தைக்கும் சின்னான். மழை கொட்டுகிறது. வயதான தகப்பனுக்குப் பதிலாக மகன் வீரன் காவலுக்குப் போகிறான். காவல் காதலாகிறது. இருவரும் ஊரைவிட்டுப் போகிறார்கள், துரத்தி வந்த நாயக்கரின் படையை வீரன் எதிர்கொள்கிறான். பிறகு திருச்சியில் வேலை, அங்கிருந்து மதுரைக்கு. திருமலை நாயக்கரின் ஆட்சியில் கொள்ளையரை அடக்கும் பொறுப்பு, வெள்ளையம்மாள் மீது காதல், அரண்மனையின் சந்தேகம், கடைசியில் மாறுகால் மாறுகை வாங்கும் தண்டனை. வெட்டப்பட்டவன் சாமியாகிறான். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தருகே இன்றும் அவனுக்கு இடம் இருக்கிறது.

இந்தக் கதை ஏன் வேலை செய்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் வீரன் எதையோ விரும்புகிறான், ஒரு முடிவு எடுக்கிறான், அதற்கு விலை கொடுக்கிறான். தகப்பன் நனையக்கூடாது என்று எடுத்த சின்ன முடிவிலிருந்து உயிர்போகும் முடிவு வரை சங்கிலி அறுபடவில்லை. அந்தக் குடிசையின் வாசலில் நிற்பவன் யார், உள்ளே இருப்பவள் யார் என்பதால்தான் கதைக்கே மூச்சு. ஒரு சக்கிலியர் வீட்டுப் பையனும் பாளையக்காரர் வீட்டுப் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பினால் ஊர் என்ன செய்யும் என்பது அன்றும் தெரியும், இன்றும் தெரியும்.

இப்போது இதன் தலைப்பகுதியில் ஒரு ஒட்டு வருகிறது. வீரன் காசி ராஜாவுக்குப் பிறந்தவன், மாலை சுற்றிப் பிறந்ததால் நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் விடப்பட்டவன், சின்னானும் அவர் மனைவியும் எடுத்து வளர்த்தார்கள் என்கிறது அந்த ஒட்டு. பெரிய எழுத்துக் கதைப் புத்தகங்கள் வழியாக இது வீடுவீடாகப் போனது. 1956இல் வந்த ‘மதுரை வீரன்’ படத்தில் இதுவே உறுதியானது. கிருஷ்ணா பிக்சர்ஸ் தயாரிப்பு, டி. யோகானந்த் இயக்கம், கண்ணதாசன் வசனம், எம்.ஜி.ஆர். கதாநாயகன். பொம்மியாக பானுமதி, வெள்ளையம்மாளாக பத்மினி. வளர்க்கும் தம்பதியாக என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் வந்தார்கள். அரச குடும்பத்தில் பிறந்து, காட்டில் விடப்பட்டு, செருப்புத் தைப்பவர் வீட்டில் வளர்ந்த வீரனைத்தான் தமிழ்நாடு முழுக்கப் பார்த்தது.

அந்த ஒட்டு கதையை என்ன செய்கிறது? வீரன் பிறப்பால் இளவரசன் என்றால், பொம்மியைக் காதலித்தது மீறல் இல்லை. இளவரசனும் பாளையக்காரர் மகளும் சேர்வதில் யாருக்கு என்ன நஷ்டம்? விஷயம் தெரியாததால் வந்த குழப்பம் என்று ஆகிவிடுகிறது. தண்டனையும் அப்படித்தான். ஓர் ஒழுங்கு தன்னை மீறியவனை வெட்டிப்போட்ட கொடுமை, ஆள் தெரியாமல் நடந்த பிழையாகச் சுருங்குகிறது. சாதியை எதிர்த்துப் பிறந்த கதை, சாதியை மெல்லத் தடவிக்கொடுத்துவிட்டு முடிகிறது. வாள் பிடிக்கும் கை எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கும் ரத்தம் என்று பதில் வந்துவிடுகிறது. சின்னான் வீட்டில் அவன் வளர்ந்த வருடங்களுக்கு வேலையே இல்லை.

இது மதுரைவீரனுக்கு மட்டும் நடந்ததில்லை. பாபநாசம் பக்கம் சொரிமுத்து அய்யனார் கோயிலில் வணங்கப்படும் முத்துப்பட்டனின் கதையில், பிராமணரான பட்டன் பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியர் வீட்டுப் பெண்களை மணக்கிறான். அவர்களுக்காகப் பூணூலை அறுத்து, தோல் வேலை செய்யக் கற்றுக்கொள்கிறான். அந்தப் பெண்களும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்து சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவர்கள் என்று அந்தக் கதைக்கும் ஒரு வடிவம் வந்தது. அது பிற்காலத்தில் சேர்த்த சரக்கு என்று நா. வானமாமலை எடுத்துக்காட்டினார். அதை நம்பினால் பட்டன் தோல் வேலை கற்றதற்குப் பொருளே கிடையாது. அவன் இறங்கவே இல்லை, யாரும் எதையும் தாண்டவே இல்லை.

திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் இரண்டு மூன்று தலைமுறையாக உழைத்த குடும்பங்களின் பிள்ளைகள் எங்கள் படிப்பகத்தில் இருக்கிறார்கள். தோலை ஊறவைத்து, முடி நீக்கி, பதமாக்கி எடுப்பது எவ்வளவு நுட்பமான வேலை என்று அவர்கள் வீட்டில் கேட்டால் தெரியும். கதையிலோ நம் தெருவின் வீரத்துக்கு மட்டும் வேறு வீட்டு முகவரி.

“பாத்தா தெரியலையே”

கதையில் நடப்பதுதான் வாழ்க்கையிலும் நடக்கிறது என்பதால் இதை இவ்வளவு நீட்டுகிறோம். எங்கள் படிப்பகத்திலிருந்து கல்லூரிக்குப் போன ஒரு மாணவி நன்றாகப் பேசுவார், நன்றாக எழுதுவார். ஓர் அலுவலகத்தில் சான்றிதழ் வாங்கப் போனபோது அங்கிருந்தவர் பாராட்டும் தோரணையில் சொன்னார்: “பாத்தா ஒங்க ஆளுக மாதிரித் தெரியலையேம்மா.” அவர் திட்டவில்லை. தான் நல்ல வார்த்தை சொன்னதாகவே நினைத்தார். ஆனால் அந்த ஒரு வரியில் காசி ராஜா வந்து உட்கார்ந்துவிட்டார். இந்தப் பெண்ணுக்குத் திறமை இருக்கிறது, ஆகவே இவள் இந்தத் தெருவைச் சேர்ந்தவளாக இருக்க முடியாது.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. நீண்ட போராட்டத்தின் பலன். அதன் வழியாகக் கல்லூரிக்குள் போகும் பிள்ளை எதைச் சாதித்தாலும் “கோட்டா” என்ற ஒரு சொல்லில் முடிக்கப்படுகிறது. நன்றாகச் செய்தால் அவர் ‘நம்ம ஆள்’ மாதிரி இல்லை. உள்ளே வந்துவிட்டால் கோட்டாவால் வந்தார். இரண்டு வழியிலும் அந்தத் திறமை அவருடையது என்று யாரும் எழுதிக்கொடுப்பதில்லை. ஒரு கதையில் பாத்திரத்தின் செயலைப் பாத்திரத்திடமிருந்து பிடுங்கினால் என்ன ஆகுமோ அதுதான் இது.

பூக்காரரும் கர்ணனும்

ரகசிய அரச பிறப்பு தமிழ்க் கதைகளுக்குப் பழக்கமான பொறி. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வ’னில் சேந்தன் அமுதன் என்று ஒருவர் வருவார். கோயிலுக்குப் பூக்கட்டும் எளிய மனிதர். வாய் பேச முடியாத வாணி அம்மையின் மகன். ஓடக்காரப் பெண் பூங்குழலியை நேசிப்பவர். சோழநாட்டின் அதிகாரச் சண்டைக்கு நடுவில் அதிகாரமே வேண்டாத ஒருவர். நாவலின் முடிவில் அவர்தான் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன் என்று தெரிந்து, உத்தம சோழனாக முடிசூடுகிறார். படிக்கும்போது திருப்பம் சுவையாகத்தான் இருக்கும். ஆனால் திரும்ப யோசித்தால் அவருடைய பணிவும் பக்தியும் அந்தக் குலத்தின் சொத்தாக மாறிவிட்டது தெரியும். அரண்மனை வாழ்வைவிடப் பூக்காரரின் குடிசையே போதும் என்று பூங்குழலி எடுத்த முடிவின் எடையும் குறைகிறது. அவளுக்குப் பரிசாக அரண்மனையே வந்துவிடுகிறது.

மணிரத்னத்தின் படங்கள் 2022இலும் 2023இலும் வந்தபோது இந்தப் பிறப்பு மாற்றம் விடப்பட்டது. படத்தில் மதுராந்தகனாக வந்தவரே முடிசூடுகிறார், சேந்தன் அமுதன் சேந்தன் அமுதனாகவே இருக்கிறார். நாவல் வாசகர்கள் பலருக்கு இது குறை. எங்களுக்கு அந்த மாற்றம் சரி. படம் சறுக்கியது வேறு இடத்தில். பிறப்பை எடுத்த இடத்தில் செயலை வைக்கவில்லை. சேந்தன் அமுதனுக்கும் பூங்குழலிக்கும் அவர்களாக முடிவெடுக்கும் காட்சிகள் குறைந்து, பெரியவர்களின் கதைக்குத் துணையாள் ஆனார்கள். எளிய மனிதரை அரசனாக்காமல் விட்டால் மட்டும் போதாது. அவர் செய்வதற்கு ஒரு வேலையும் கதையில் வேண்டும்.

இதற்கு நேர்மாறான உதாரணம் மாரி செல்வராஜின் ‘கர்ணன்’, 2021. மகாபாரதத்துக் கர்ணன் ரகசிய அரச பிறப்புக்குத் தலைமை உதாரணம். தேரோட்டி வீட்டில் வளர்ந்தவன், உண்மையில் குந்தியின் மகன். இருந்தும் அந்தப் பாத்திரம் ஆயிரம் வருடங்களாக நிற்கிறதே, ஏன்? உண்மை தெரிந்த பிறகும் அவன் பக்கம் மாறவில்லை. வளர்த்த தாயையும் சோறுபோட்ட நண்பனையும் விட்டு அரச பிறப்பின் பின்னால் போகவில்லை. அவனை நிறுத்துவது அந்த மறுப்பு. மாரி செல்வராஜ் பெயரை எடுத்துக்கொண்டு ரகசியத்தை விட்டுவிட்டார். பொடியங்குளத்துக் கர்ணனின் தாய் தகப்பன் யார் என்பதில் மர்மமே இல்லை. ஊரில் பேருந்து நிற்பதில்லை. வலிப்பு வந்த தங்கை நடுரோட்டில் கிடந்து செத்தாள். அரசு வேலை கையில் கிடைத்தும், ஊர் அடிபடும்போது திரும்பி வருகிறான். சிறைக்குப் போகிறான். விருப்பம், முடிவு, விலை எல்லாம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. காவல்துறை அதிகாரி கண்ணபிரானுக்கு அந்த ஊர்க்காரர்களின் அடிதடியைவிட அவர்களின் பெயர்கள்தான் அதிகம் உறுத்துகின்றன. இந்தத் தெருவில் துரியோதனன் என்றும் கர்ணன் என்றும் எப்படிப் பெயர் வைக்கலாம்? கதையில் அந்தப் பெயர்களைத் தாங்க அரச ரத்தம் வேண்டும் என்ற எதிர்பார்ப்பின் கோபம் அது.

எண்ணில் எழுதிய வருணம்

இனி கேமுக்கு வருவோம். இன்றைய பாத்திர கேம்கள் பலவற்றுக்குத் தாய்வீடு 1974இல் அமெரிக்காவில் வெளியான ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரம் உருவாக்கி, பகடை உருட்டிக் கதை நகர்த்துவார்கள். பாத்திரத்துக்கு ஒரு தாள். அதில் பலம், அறிவு, கவர்ச்சி என்று ஆறு குணங்களுக்கு எண்கள். தாளின் மேலேயே ஒரு கேள்வி: உன் ‘ரேஸ்’ என்ன? மனிதன், எல்ஃப், குள்ளன், பாதி ஓர்க்.

2000ஆம் ஆண்டு பதிப்பில் பாதி ஓர்க் என்று எழுதினால் பலத்தில் 2 கூடும், அறிவில் 2 குறையும், கவர்ச்சியிலும் 2 குறையும். பகடை உருளும் முன்பே இது முடிந்துவிடுகிறது. உடம்பு வலு உண்டு, புத்தி கம்மி, பார்க்க நன்றாக இருக்க மாட்டான். இந்த வாக்கியத்தை நம் ஊரில் எங்கே கேட்டிருக்கிறோம் என்று தோழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மனு வாக்கியமாக எழுதியதை இவர்கள் கூட்டல் கழித்தலாக எழுதினார்கள். அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதியவர்களுக்கு நம் சாதி மனதில் இருந்திருக்காது. அவர்களுக்கு அவர்கள் நாட்டு நிறவெறியின் பழக்கம் போதுமானதாக இருந்தது.

விளையாடியவர்களே இதைக் கேள்வி கேட்டார்கள். 2020இல் அதை வெளியிடும் நிறுவனம் ஓர்க்குகளையும் மற்றவர்களையும் பிறவித் தீயவர்களாகக் காட்டுவதை மாற்றுவதாக அறிவித்தது. அதே ஆண்டு வந்த ஒரு துணைநூல், கூடுதல் புள்ளிகளை எந்தக் குணத்துக்கும் மாற்றிக்கொள்ள வழிவிட்டது. 2023இல் வந்து உலகமே விளையாடிய ‘பால்டர்ஸ் கேட் 3’ கேமில் எந்த இனத்தில் பிறந்தாலும் கூடுதல் புள்ளியை விரும்பிய இடத்தில் வைக்கலாம். 2024இன் புதிய விதிநூலில் ‘ரேஸ்’ என்ற சொல்லே போய்விட்டது. குணப்புள்ளிகள் பிறப்போடு வராமல், அந்தப் பாத்திரம் முன்பு என்ன வேலை பார்த்தது, எப்படி வளர்ந்தது என்ற பின்னணியோடு வருகின்றன.

எல்லோரும் ஒரே மாதிரி ஆகிவிட்டால் சுவை போய்விடாதா என்று ஒரு வாதம் உண்டு. அதை அலட்சியம் செய்ய முடியாது. மாய உலகத்தில் இறக்கை உள்ளவர் பறக்கட்டும், இருட்டில் பார்க்கிறவர் பார்க்கட்டும். அதில் யாருக்கும் சண்டை இல்லை. புத்தியும் ஒழுக்கமும் ரத்தத்தில் வருகின்றன என்று சொல்லும் இடத்தில்தான் சண்டை. அங்கே கேமும் கெட்டுப்போகிறது. பிறப்பிலேயே முடிவான பாத்திரத்துக்கு விளையாடுபவர் எடுக்க வேண்டிய முடிவு என்ன மிச்சம்?

அதற்காக மாய உலகத்திலிருந்து இழிவையும் ஒதுக்கலையும் துடைத்துவிடச் சொல்லவில்லை. துடைத்த உலகமும் பொய்தான். போலந்து எழுத்தாளர் சப்கோவ்ஸ்கி 1986இல் தொடங்கி எழுதிய விட்சர் கதைகள் 2007இல் கேமாயின, 2019இல் நெட்ஃபிளிக்ஸ் தொடராயின. கதாநாயகன் கெரால்ட் பேய்களையும் பூதங்களையும் கொல்பவன். சின்ன வயதில் மருந்து கொடுத்து, உடம்பை மாற்றி, அந்த வேலைக்கென்றே தயாரிக்கப்பட்டவன். ஊரில் பூதம் வந்தால் அவனைக் கூப்பிடுவார்கள். வேலை முடிந்ததும் கூலியில் பேரம் பேசுவார்கள், முகம் சுளிப்பார்கள், சீக்கிரம் கிளம்பு என்பார்கள். அவன் வேலை வேண்டும், அவன் வேண்டாம். செத்த மாட்டைத் தூக்க, பிணம் எரிக்க, பறையடிக்க, மலக்குழியில் இறங்க நம் ஆட்களைக் கூப்பிடும் ஊருக்கும் அந்த ஊருக்கும் என்ன வித்தியாசம்? எங்கள் தோழர்கள் பலருக்கு விட்சர் பிடித்ததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறோம், அவர்கள் வாள்வீச்சைச் சொன்னாலும்கூட.

அங்கே இழிவு கெரால்ட்டின் குணத்தில் இல்லை, ஊரின் பார்வையில் இருக்கிறது. பூதத்தைக் கொல்வதா, சாபத்தை நீக்குவதா, கூலியை வாங்குவதா விடுவதா என்று ஒவ்வொரு முறையும் அவன் முடிவெடுக்க வேண்டும். கேமில் அந்த முடிவை நாம் எடுக்கிறோம். அவன் பெயரோடு ஒட்டிய ‘ரிவியா’கூட அவன் பிறந்த ஊர் இல்லை, அவனே தேர்ந்துகொண்ட பெயர். பிறப்பைச் சுமையாகவும் செயலை அவனுடையதாகவும் வைத்ததால் பாத்திரம் நிற்கிறது.

வில்லனும் நிற்பான்

ஓர் எச்சரிக்கையும் இதே இடத்தில் சொல்லியாக வேண்டும். 2023இல் ‘மாமன்னன்’ வந்தது. தனித்தொகுதி சட்டமன்ற உறுப்பினராக வடிவேலு, ஆதிக்க சாதி அரசியல்வாதி ரத்னவேலுவாக ஃபகத் ஃபாசில். தன் அப்பா அடுத்தவர் முன்னால் உட்கார முடியாமல் நிற்கிறார் என்பதை ஒரு மகன் பார்ப்பதுதான் படத்தின் மையம். நிலக்கோட்டை தனித்தொகுதி உள்ள மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு நாற்காலியின் பொருளை விளக்க வேண்டியதில்லை. படம் நெட்ஃபிளிக்ஸில் வந்த சில நாட்களில் என்ன நடந்தது? சாதிப் பெருமைப் பாட்டுகளை ஒட்டி ரத்னவேலுவின் காட்சிகளை வெட்டிப் பரப்பினார்கள். யாரைக் கண்டிக்கப் படம் எடுக்கப்பட்டதோ அவனையே நாயகனாக்கினார்கள்.

காரணம் பார்வையாளர்களின் சாதித் திமிர் மட்டும் என்று சொல்லிவிட்டு நகரலாம். அது பாதி. மீதி பாதி கைத்தொழில். ரத்னவேலுவுக்கு என்ன வேண்டும் என்பது முதல் காட்சியிலிருந்து தெளிவு. பந்தயத்தில் தோற்ற தன் நாயையே அடித்துக் கொல்கிறான். முடிவெடுக்கத் தயங்குவதில்லை. அவன் வந்தாலே காட்சி நகர்கிறது. விருப்பமும் முடிவும் உள்ள பாத்திரம் கெட்டவனாக இருந்தாலும் நிற்கும், அவனைப் பார்க்கக் காத்திருக்கும் கூட்டத்திடம் போய்ச் சேரும். நல்லவர்களைப் பொறுமைசாலிகளாகவும் கெட்டவனைச் செயல்வீரனாகவும் எழுதினால் திரை யார் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் பக்கத்துப் பாத்திரங்களுக்கும் அந்த அளவு விருப்பமும் முடிவும் வேண்டும். வேதனை மட்டும் போதாது.

திரையில் நின்ற பாத்திரம் திரையோடு முடிவதில்லை என்பதை நம் ஊரைவிட நன்றாக அறிந்த ஊர் குறைவு. அ.தி.மு.க. தொடங்கிய மறு ஆண்டே, 1973இல், திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில்தான் அந்தக் கட்சியின் முதல் வெற்றி. எம்.ஜி.ஆர். திரையில் ஏற்ற பாத்திரங்கள் ஏழை மக்களின் மனதில் எப்படி அரசியலாயின என்று எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஒரு புத்தகமே எழுதினார். நம் சாமியின் கதையைத் திரையில் ஏற்றவரின் படம் நம் தெருச் சுவர்களில் ஏறியது. சாமி மட்டும் ராஜா வீட்டுப் பிள்ளையானார்.

தரையில் வரைந்த கேம்

போன கோடை விடுமுறையில் படிப்பகத்தில் ஒரு கேம் செய்து பார்த்தோம். கம்ப்யூட்டர் இல்லை. தரையில் சாக்பீஸ் கோடு, தாயக்கட்டை, ஆளுக்கு அரைப்பக்கம் தாள். மாய சக்தி உள்ள ஒரு பாத்திரத்தை உருவாக்கச் சொன்னோம். விதி மூன்றே மூன்று. அவருக்கு என்ன வேண்டும் என்று எழுத வேண்டும். சக்தியைப் பயன்படுத்தினால் என்ன இழப்பார் என்று எழுத வேண்டும். யார் வீட்டில் பிறந்தார் என்பதால் சக்தி வந்ததாக எழுதக்கூடாது.

மூன்றாவது விதியில்தான் பிள்ளைகள் திணறினார்கள். ராஜா மகன் இல்லை, சாமி கொடுத்த வரம் இல்லை என்றால் சக்தி எங்கிருந்து வரும்? தாளை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்கள்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளை எழுதிய பாத்திரம் நூறு நாள் வேலைக்குப் போகும் ஓர் அம்மா. மண்ணுக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் அவருக்குக் கேட்கும். காலனிக்கு ஒரு நல்ல கிணறு வேண்டும், அதுதான் அவர் விருப்பம். ஒவ்வொரு முறை காதை மண்ணில் வைத்துக் கேட்டாலும், ஒரு நாள் முழுக்க மேலே யார் பேசுவதும் கேட்காது. அந்த நாளில் யார் அவரை ஏமாற்றினாலும் தெரியாது. எதிரியாக, ஊருக்குள் ஆழ்துளைக் கிணறு போட்டுத் தண்ணீர் விற்கும் ஓர் ஆள்.

விளையாடத் தொடங்கியதும் கூட்டம் அந்தப் பாத்திரத்தைச் சுற்றியே நகர்ந்தது. இன்றைக்குக் காதை மண்ணில் வைக்கலாமா வேண்டாமா? நாளைக்குப் பஞ்சாயத்துக் கூட்டம் இருக்கிறதே, காது கேட்காமல் எப்படிப் போவது? ஒவ்வொரு தாயத்துக்கும் சத்தம், சண்டை. அப்போது ஒரு பையன் கேட்டான்: “ஏம்ப்பா, அந்தம்மாவுக்கு எப்பிடி அந்தச் சக்தி வந்துச்சு?” எழுதிய பிள்ளை யோசிக்கவே இல்லை. “தெனமும் தண்ணிக்கு அலையிறாங்கல்ல. கேட்டுக் கேட்டுப் பழகிருச்சு.”

இதற்குமேல் பாத்திரப் படைப்பைப் பற்றி நாங்கள் வகுப்பு எடுக்க ஒன்றும் இல்லை.

எழுதப் போகிற தோழர்களுக்கு

குறும்படம் எடுக்கும், கேம் வடிவமைப்புப் படிக்கும், கதை எழுதும் தோழர்கள் இப்போது நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். உங்கள் பாத்திரத்தின் பிறப்பை மறைக்காதீர்கள். அதனால் ஊர் அவரை என்ன செய்கிறது என்று எழுதுங்கள். அவருடைய திறமையின் மூலத்தை மட்டும் பிறப்பில் தேடாதீர்கள். எங்கே பழகினார், யாரிடம் கற்றார், எதை இழந்து கற்றார் என்று எழுதுங்கள். கஷ்டப்படும் பாத்திரத்துக்கும் ஒரு விருப்பம் கொடுங்கள், அதற்காக அவர் ஒரு தவறான முடிவுகூட எடுக்கட்டும். கடைசியில் அவர் யாரோ பெரியவர் வீட்டுப் பிள்ளை என்று தெரியவரும் காட்சி மனதில் வந்தால், அந்தக் காட்சியை எடுத்துவிட்டு மீதிக் கதை நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அந்தக் காட்சி தேவையில்லை. விழுந்தால் கதையை இன்னும் எழுதவில்லை என்று பொருள்.

மதுரைவீரனின் கதையையும் நாம் திரும்ப எழுதலாம். கேமாக, படக்கதையாக, தெருக்கூத்தாக, எதுவாகவும். மழை இரவில் தகப்பனுக்குப் பதிலாகக் காவலுக்குப் போன அந்தப் பையனிலிருந்து தொடங்கினால் போதும். அரிவாள் பிடிக்கும் கை தோல் அறுத்துப் பழகிய கை என்பதைச் சொன்னால் போதும். அடுத்த விடுமுறையில் எங்கள் பிள்ளைகளோடு அதைச் செய்யப் போகிறோம். வரைய, எழுத, கோடிங் செய்யத் தெரிந்த தோழர்கள் திண்டுக்கல் பக்கம் வந்தால் சாக்பீஸும் தாயக்கட்டையும் தயாராக இருக்கும்.

ஜெய் பீம்.